பாகால் பெயர்கள் (விவிலிய வம்ச வரலாறு)

பாகால் பெயர்கள் என்பவை எபிரேய விவிலியத்தில் ‘பாகால்’ என்ற சொல்லை உறுப்பாகக் கொண்ட ஆட்பெயர்கள் ஆகும். இவற்றுள் எஸ்பால், மேரிபால் ஆகிய இரண்டும் குறிப்பிடத்தக்கவை. சவுல் அரசனின் மகனும் பேரனுமான இவ்விருவரும் கதைப் பகுதிகளில் வேறு பெயர்களால் அழைக்கப்படுகின்றனர். அவர்களுடைய பழைய பெயர்கள் வம்ச அட்டவணைகளிலேயே எஞ்சியுள்ளன.

இரு நூல்கள், இரு பெயர்கள்

சவுல் இறந்தபின் மகனாயீமில் இரண்டு ஆண்டுகள் ஆண்டு, கொலையுண்ட மகனை 2 சாமுவேல் நூல் ‘இஸ்போசேத்’ என்கிறது. இரு கால்களும் முடமாகி, தாவீதின் பந்தியில் உணவருந்திய யோனத்தானின் மகனை ‘மேவிபோசேத்’ என்கிறது. 1 நாளாகமம் 8:33-34 இல் உள்ள அட்டவணையோ இவர்களை முறையே எஸ்பால், மேரிபால் என்று குறிக்கிறது.

எபிரேயத்தில் ‘போசேத்’ என்றால் வெட்கம். ‘எஸ்பால்’ என்பதற்குப் ‘பாகாலின் மனிதன்’ அல்லது ‘பாகால் இருக்கிறார்’ என்றும், ‘மேரிபால்’ என்பதற்குப் ‘பாகால் வழக்காடுகிறார்’ என்றும் பொருள் கூறுவர். கிதியோனின் மறுபெயரான யெருபாகாலும் 2 சாமுவேல் 11:21 இல் இவ்வாறே ‘போசேத்’ சேர்ந்த வடிவில் வருகிறது.

தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பில் இத்தொடர்பு எளிதில் புலப்படாது. தெய்வத்தின் பெயர் ‘பாகால்’ என்றும், ஆட்பெயரின் ஈறு ‘பால்’ என்றும் எழுதப்பட்டுள்ளன. எபிரேயத்தில் இரண்டும் ஒரே சொல்லே. அதன் நடுவிலுள்ள ‘அயின்’ என்னும் தொண்டை ஒலிக்குத் தமிழில் நேர் எழுத்து இல்லை. ஓரிடத்தில் அது ககரமாயிற்று, மற்றோரிடத்தில் விடுபட்டது.

பாகால் என்ற சொல்

‘பாகால்’ என்பதன் அடிப்படைப் பொருள் தலைவன், உடையவன், கணவன் என்பதாகும். கானானியரின் மழைத் தெய்வத்துக்கும் இதுவே பெயராக வழங்கியது. தொடக்க காலத்தில் இஸ்ரயேலர் தம் கடவுளையும் இச்சொல்லால் அழைத்திருக்கக்கூடும். தாவீதோடு சேர்ந்த வீரர்களின் பட்டியலில் (1 நாளாகமம் 12:5) உள்ள ஒரு பெயரின் எபிரேய வடிவம் ‘பெஅல்யா’. ‘யாவே தலைவர்’ என்பது அதன் பொருள். எனவே மகனுக்கு எஸ்பால் என்று பெயரிட்டதை மட்டும் கொண்டு, சவுல் அந்நியத் தெய்வத்தை வணங்கினான் என்று முடிவு செய்ய இயலாது.

பிற்காலத்தில் பாகால் வழிபாட்டுக்கு எதிர்ப்பு வலுத்தது. ‘என் பாகால்’ என்று இனி அழைக்கமாட்டாய் என்னும் கருத்து ஓசியா 2:16 இல் காணப்படுகிறது. எரேமியா 11:13 ‘போசேத்’, ‘பாகால்’ இரண்டையும் இணையாக வைக்கிறது.

மாற்றம் பற்றிய விளக்கங்கள்

சாமுவேல் நூலைப் படியெடுத்தோர் பாகாலின் பெயரை உச்சரிக்க விரும்பாமல் ‘வெட்கம்’ என்று மாற்றினர் என்பது பரவலான விளக்கம். சாமுவேல் நூலுக்குப் பிற்பட்ட நாளாகமம் பழைய வடிவங்களைக் காத்திருப்பது இங்கு வியப்புக்குரியது. கதைகள் அடிக்கடி வாசிக்கப்பட்டதால் திருத்தத்துக்கு உள்ளாயின என்றும், பட்டியல்கள் அவ்வாறு கவனிக்கப்படாததால் தப்பின என்றும் கருதப்படுகிறது.

இதற்கு மாற்றுக் கருத்தும் உண்டு. அக்காத் மொழியில் ‘பாஷ்து’ என்பது மாண்பையும் காவல் ஆற்றலையும் குறிக்கும். ‘போசேத்’ அதனுடன் உறவுடைய சொல்லானால், இஸ்போசேத் என்பதும் இழிவற்ற இயற்பெயரே ஆகும்.

கல்வெட்டுச் சான்றுகள்

ஏலா பள்ளத்தாக்கை நோக்கிய கிர்பெத் கெயாபா என்னும் பழங்கோட்டையில் யோசெப் கார்பிங்கல், சார் கனோர் ஆகியோர் தலைமையில் அகழாய்வு நடந்தது. அங்குக் கிடைத்த உடைந்த தாழியொன்றைப் பொருத்தியபோது, சுடுவதற்கு முன் கீறப்பட்ட ‘பேதாவின் மகன் எஸ்பால்’ என்ற பெயர் தெரிந்தது. 2015 இல் வெளியிடப்பட்ட இக்கண்டுபிடிப்பு ஏறத்தாழ கி.மு. 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. இவன் சவுலின் மகன் அல்லன். எனினும் அப்பெயர் அக்காலத்தில் வழக்கில் இருந்ததற்கு இது நேரடிச் சான்று.

1910 இல் சமாரியாவில் கிடைத்த, கி.மு. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த எழுத்துப் பொறித்த ஓடுகளிலும் பாகால் பெயர்கள் பல உள்ளன. மேரிபால் அவற்றுள் ஒன்று.

முக்கியத்துவம்

வாசகர் பெரும்பாலும் தாண்டிச் செல்லும் வம்ச அட்டவணைகள், இஸ்ரயேலரின் சமயச் சொல்வழக்கு மாறிய வரலாற்றுக்குச் சான்றாக விளங்குகின்றன. அரசிழந்த ஒரு குடும்பத்தின் இருவர், பெற்றோர் இட்ட பெயரோடு நினைக்கப்படுவதற்கும் இந்தப் பட்டியல்களே காரணமாக இருக்கக்கூடும்.