கூச்சல் போடும் எஃகும் சொல் மாறாத விரிசலும்

வெல்டிங் பட்டறையில் பெரிய வாயாடி யார் தெரியுமா? கிரைண்டர் இல்லை, சுத்தியலும் இல்லை. பற்றவைத்து முடிந்து, ஆறிப்போய், பரம சாதுவாகப் படுத்திருக்கிறதே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மூட்டு, அதுதான்! நம் காதுக்கு எட்டாத அல்ட்ராசோனிக் உலகத்தில் அது போடும் ஆட்டத்தைப் பார்க்க, அல்ட்ராசோனிக் சோதனைக் (யு.டி.) கருவியின் திரைக்குப் பின்னால் கொஞ்சம் எட்டிப் பார்ப்போம், வாருங்கள்.

மூட்டின் ஓரமாக கிரீஸ் தடவி, ஒலியை அனுப்பி வாங்கும் ப்ரோபை முன்னும் பின்னும் நகர்த்துகிறார் டெக்னீஷியன். கிரீஸ் இல்லையென்றால் கதை அங்கேயே முடிந்தது. நடுவில் மெல்லிய காற்றுப் படலம் இருந்தாலும் ஒலி எஃகுக்குள் நுழையாது. நுழைந்த ஒலி வழியில் விரிசலைக் கண்டால் திரும்பி வரும். திரையில் ஒரு முகடு ‘டக்’கென எழும். கார்பன் எஃகில் இந்த வித்தை அழகாக நடக்கிறது.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலோ திரை முழுக்க கிராஸ், அதாவது புல்! குட்டிக் குட்டி முகடுகள் மொய்த்துக்கொண்டு நிற்கின்றன. கார்பன் எஃகு குளிரும்போது அதன் படிக அமைப்பு மாறுகிறது, கிரெயின்கள் (படிகத் துகள்கள்) பொடியாகிவிடுகின்றன. ஆஸ்டெனிட்டிக் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு அந்த மாற்றம் கிடையாது. வெப்பம் வெளியேறும் திசையை ஒட்டி நீள நீளமாக வளர்ந்த கிரெயின்கள் அப்படியே தங்கிவிடுகின்றன. ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஒலியைச் சிதறடிக்கிறது. போதாதென்று ஒலிக் கற்றையை வளைத்தும் விடுகிறது!

சரி, பலமுறை அளந்து சராசரி எடுத்தால்? மின்சுற்றின் இரைச்சல் அதற்கு அடங்கும். 16 முறை அளந்தால் கால் பங்காகிவிடும். கிரெயின் இரைச்சல் மசியவே மசியாது. ப்ரோப் அசையாதவரை ஆயிரம் முறை அளந்தாலும் அதே இடத்தில் அதே முகடுதான். அதிர்வெண்ணை 2 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு இறக்கினால் சிதறல் குறையும். ஆனால் அப்போது அலைநீளம் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் ஆகிவிடும், பொடி விரிசல்கள் நழுவிவிடும்.

இந்த இடத்தில்தான் கைதட்ட வைக்கும் தந்திரம்! 1982-ல் நியூஹவுஸ், பில்குடாய், சானியி, ஃபர்காசன் என்ற ஆய்வாளர்கள் நால்வரும் ‘அல்ட்ராசோனிக்ஸ்’ ஆய்விதழில் அதை விவரித்தார்கள். திரும்பி வந்த ஒரே சிக்னலைப் பல அதிர்வெண் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனியே விசாரிப்பது. ஊர்ப் பஞ்சாயத்தில் சாட்சிகளைத் தனித்தனியே கூப்பிட்டுக் கேட்பதைப் போலத்தான். பட்டை மாறினால் அலைநீளம் மாறும், கிரெயின் எதிரொலிகள் ஒன்றோடொன்று கூடிக் கழியும் விதமும் மாறும். ஆகவே கிரெயின் முகடுகள் பட்டைக்குப் பட்டை இடம் மாற்றிச் சொல்கின்றன. விரிசல் மட்டும் எல்லாப் பட்டையிலும் “இங்கேதான் இருக்கிறேன்” என்கிறது. ஒவ்வொரு புள்ளியிலும் எல்லாப் பட்டைகளிலும் உள்ள மிகச் சிறிய மதிப்பை மட்டும் வைத்துக்கொண்டால், கிராஸ் படுத்துவிடும், விரிசல் நிமிர்ந்து நிற்கும்!

துள்ளிக் குதிக்குமுன் ஓர் எச்சரிக்கை. ஏதாவது ஒரு பட்டையில் விரிசலின் எதிரொலி பலவீனமாக இருந்தால், கிராஸோடு சேர்ந்து அதுவும் காணாமல் போகும். அதனால்தான் அளவு தெரிந்த துளையும் வெட்டும் போட்ட மாதிரிக் கட்டையில் சோதிக்காமல் எந்த வடிகட்டியையும் நம்பக் கூடாது.

இத்தனை பாடு எதற்கு? கல்பாக்கத்தின் 500 மெகாவாட் வேக ஈனுலையில் திரவ சோடியத்தைத் தாங்கும் முதன்மைக் கலன் 316எல்என் என்ற ஆஸ்டெனிட்டிக் எஃகால் ஆனது. விரிசல் வழியே கசியும் சூடான சோடியம் காற்று பட்டால் எரியும். அங்குள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் இவ்வகை மூட்டுகளுக்கான சிக்னல் ஆய்வில் நெடுங்காலமாக ஈடுபட்டிருப்பதில் வியப்பில்லை.

பொறியியல் மாணவரா நீங்கள்? ஒரே ஒரு ஏ-ஸ்கேன் (யு.டி. திரையில் தெரியும் அலைக்கோடு) கோப்பு கிடைத்தால் போதும். கணினியில் அதை ஏழெட்டுப் பட்டைகளாகப் பிரித்து, மிகச் சிறிய மதிப்பை எடுத்துப் பாருங்கள். புரோகிராம் சில வரிகள்தான். பட்டைகளின் அகலத்தை மட்டும் மாற்றி மாற்றிப் பாருங்கள், வித்தை முழுக்க அதில்தான் இருக்கிறது.