மந்திரத்துக்கு என்ன விலை?

ஃபேண்டஸி என்றும் மிகுபுனைவு என்றும் சொல்லப்படும் கதைவகையில் எதுவும் நடக்கலாம். மரம் நடக்கலாம், செத்தவர் திரும்பி வரலாம், ஒரே சொல்லில் புயல் அடங்கலாம். இந்த வகையின் ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. நாயகன் மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் மந்திரம் வந்து மீட்டுவிட்டால் வாசகருக்குப் பதைப்பு ஏது? அதனால் நல்ல எழுத்தாளர் மந்திரத்துக்கு ஒரு விலை வைக்கிறார். அந்த விலை என்ன, அதைக் கட்டுவது யார், கடைசிப் பாகம் வரை எழுத்தாளர் அந்தக் கணக்கில் நிற்கிறாரா என்று பார்த்தால் புகழ்பெற்ற தொடர்களின் தரம் பெருமளவு தெரிந்துவிடும்.

இன்றைய மிகுபுனைவின் இலக்கணத்தை வகுத்தது ஜே. ஆர். ஆர். டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’. 1954, 1955 ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவந்தது. டோல்கீன் அதை ஒரே நாவலாகத்தான் எழுதினார்; போருக்குப் பிந்தைய இங்கிலாந்தில் காகிதம் விலை உயர்ந்திருந்ததால் பதிப்பாளர் பிரித்து வெளியிட்டார். மூன்று பாகத் தொடர் என்பது இந்த வகையின் மரபாகவே ஆனதற்கு அந்தப் பிரிப்பும் ஒரு காரணம்.

டோல்கீன் ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலம் கற்பித்த மொழியறிஞர். அவருக்கு மொழிகள் முதலில் வந்தன. அவற்றைப் பேசுவதற்கு மக்களும், அம்மக்களுக்கு ஒரு வரலாறும் பிறகு வந்தன. ஃபின்னிய மொழியின் ஓசையில் குவென்யா என்ற மொழியையும், வெல்ஷ் மொழியின் ஓசையில் சிந்தாரின் என்ற மொழியையும் உருவாக்கினார். ஓர் ஊர்ப்பெயர் ‘குளம்’ என்றோ ‘பட்டி’ என்றோ முடிந்தால் அந்த ஊரைப் பற்றித் தமிழருக்கு ஏதோ தெரிந்துவிடுகிறது அல்லவா? அதே வேலையை அவருடைய பெயர்களும் செய்கின்றன. ‘மோர்’ என்றால் கருமை, ‘தோர்’ என்றால் நாடு. மோர்தோர் கருநாடு, மோரியா கரும்பிளவு, கோந்தோர் கல்நாடு. அகராதியைப் பார்க்காத வாசகருக்கும் இந்தப் பெயர்களுக்குள் ஓர் ஒழுங்கு ஓடுவது காதில் படுகிறது. வேறெந்தத் தொடரிலும் நிலம் இவ்வளவு பழையதாகத் தோன்றாததற்கு இதுவே காரணம்.

விலைக் கணக்கிலும் டோல்கீன் கறாரானவர். கதையின் மையமான மந்திர மோதிரத்தை வைத்து எதிரியை வெல்லலாம்; ஆனால் அதைக் கையாள்பவர் எதிரியாகவே மாறிவிடுவார். எனவே அதை அழிக்க வேண்டும். நாயகன் ஃப்ரோடோ அதை எரிமலையின் விளிம்புவரை சுமந்து சென்று, கடைசி நொடியில் அதை விட மனமில்லாமல் தனதாக்கிக்கொள்கிறான். நாயகன் தோற்கும் அந்த இடம்தான் நூலின் உச்சம். முன்பு கொல்லாமல் விடப்பட்ட ‘கொல்லும்’ என்ற பாவப்பட்ட பிறவியால் காரியம் முடிகிறது. வீடு திரும்பிய பின்னும் ஃப்ரோடோவின் காயம் ஆறுவதில்லை. முதல் உலகப் போரில், 1916இல் சோம் போர்க்களத்தில் நின்றவர் எழுதிய முடிவு அது. நூலில் குறைகளும் உண்டு. தொடக்கம் மெதுவானது, பெண்கள் மிகக் குறைவு, எதிரிப் படையான ஓர்க்குகளில் ஒருவருக்கும் மனச்சான்று என்று எதுவும் காட்டப்படுவதில்லை.

டோல்கீனின் நண்பர் சி. எஸ். லூயிஸ் எழுதிய நார்னியா தொடர் 1950 முதல் 1956 வரை ஏழு நூல்களாக வந்தது. அலமாரிக்குள் புகுந்தால் பனிக்காடு வருகிறது என்ற முதல் கற்பனை அவ்வளவு எளிமையானது, அவ்வளவு அழகானது. ஆனால் விலையைக் கட்டுவது குழந்தைகள் இல்லை. அஸ்லான் என்ற சிங்கம் அவர்களுக்காகக் கட்டிவிடுகிறது. கிறித்தவச் சமயக் கருத்து கதையைவிட முன்னால் நடக்கும் இடங்களில் பாத்திரங்கள் சற்றே மெலிந்துபோகிறார்கள். பத்து வயது வாசகருக்கு இதைவிட நல்ல வாசல் குறைவு.

ஜே. கே. ரௌலிங்கின் ஹாரி பாட்டர் தொடர் 1997இல் தொடங்கி 2007இல் ஏழாவது நூலோடு முடிந்தது. உலகெங்கும் 50 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. அதன் பலம் கட்டுக்கோப்பு. ஒரு நூலுக்கு ஒரு கல்வியாண்டு. ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மர்மம். துப்பறியும் கதையின் நுட்பத்தோடு தடயங்கள் விதைக்கப்பட்டிருக்கின்றன. முதல் நூலின் முதல் அத்தியாயத்தில் மோட்டார் சைக்கிள் இரவல் கொடுத்தவராகப் பெயரளவில் வந்துபோகும் சிரியஸ் பிளாக், மூன்றாம் நூலின் மையமாகிறார். இரண்டாம் நூலின் நாட்குறிப்பு உண்மையில் என்ன என்பது ஆறாம் நூலில்தான் விளங்குகிறது. நாயகனோடு சேர்ந்து நடையும் வயதுக்கு வருகிறது. முதல் நூலின் விளையாட்டுத்தனம் கடைசி நூலில் இல்லை.

மந்திரத்தின் விதிகளில்தான் ரௌலிங் தளர்ந்துவிடுகிறார். மூன்றாம் நூலில் காலத்தைப் பின்னோக்கித் திருப்பும் கருவி ஒரு பள்ளி மாணவியின் கழுத்தில் தொங்குகிறது. அப்படி ஒன்று இருக்கும்போது பிறகு நடக்கும் சாவுகளைத் தடுத்திருக்கலாமே என்ற கேள்வி எழாமல் இருக்காது. ஐந்தாம் நூலில் அமைச்சகத்தில் இருந்த அந்தக் கருவிகள் எல்லாம் உடைந்துபோகின்றன. ஆனாலும் தொடரின் அடியில் ஒரு விலை உறுதியாக நிற்கிறது: சாவை ஏற்க மறுப்பவன் தன் ஆன்மாவைத் துண்டு துண்டாக்கிக்கொள்கிறான், ஏற்றுக்கொள்பவன் முழு மனிதனாக இருக்கிறான். அந்தக் கணக்கில் கடைசிவரை பிசகு இல்லை.

அமெரிக்க எழுத்தாளர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் ‘எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்’ தொடரை 1996இல் ‘எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ நூலோடு தொடங்கினார். இங்கிலாந்தின் ரோஜாப் போர்களின் சாயல் அதில் உண்டு. மந்திரம் ஓரத்தில்தான் இருக்கிறது. இங்கே விலை வைக்கப்படுவது அரியணைக்கு. அத்தியாயங்கள் பெரும்பாலும் ஒரு பாத்திரத்தின் பெயரைத் தலைப்பாகக் கொண்டு, அவர் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்கின்றன. இந்த முறையின் வலிமைக்கு ஜேமி லானிஸ்டர் ஒருவரே போதும். முதல் நூலில் ஒரு சிறுவனை உயரத்திலிருந்து தள்ளிவிடும் அவனை வாசகர் மனதார வெறுக்கிறார். மூன்றாம் நூலில் கதை அவன் வழியாகச் சொல்லப்படுகிறது. அரசனைக் கொன்ற துரோகி என்று ஊரே பழிக்கும் அச்செயலால் ஒரு நகரமே எரியாமல் தப்பியது என்று அப்போது தெரிகிறது. நடந்த எதுவும் மாறவில்லை. வாசகர் நிற்கும் இடம் மாறிவிட்டது.

அந்த வலிமையே சுமையாகவும் ஆனது. பார்வைகள் பெருகப் பெருகக் கதை கையை மீறியது. 2005இல் வந்த நான்காம் நூலில் முக்கியப் பாத்திரங்களில் பலரைக் காணோம். அவர்களுக்கு 2011இன் ஐந்தாம் நூல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஏழு நூல்கள் என்பது திட்டம்; ஆறாவது நூலுக்கான காத்திருப்பு அதற்குப் பிறகு நீண்டுகொண்டே போனது. தொலைக்காட்சித் தொடர் நூலை முந்திக்கொண்டு 2019இல் முடிந்தே போனது. பாத்திரப் படைப்பில் மார்ட்டினுக்கு நிகர் இந்தப் பட்டியலில் இல்லை. தொடர் என்ற வடிவம் வாசகருக்குத் தரும் வாக்கை வைத்துப் பார்த்தால் அவர் கடன்பட்டவர்.

நீளத்தின் ஆபத்தை ராபர்ட் ஜோர்டனின் ‘தி வீல் ஆஃப் டைம்’ இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. 1990இல் தொடங்கிய அது 14 பெரும் நூல்களாக வளர்ந்தது. நடுவில் சில நூல்களில் கதை நகர்வதே அரிது. இங்கே மந்திர ஆற்றலின் ஆண்பாதி நஞ்சு கலந்தது. அதைக் கையாளும் ஆண் காலப்போக்கில் பித்துப்பிடித்து அழிவான். உலகைக் காக்க வேண்டியவனே அந்த ஆற்றலைத் தொட்டாக வேண்டும் என்பது அருமையான முடிச்சு. ஜோர்டன் 2007இல் காலமானார். அவர் மனைவியும் பதிப்பாசிரியருமான ஹாரியட் மெக்டூகல், பிராண்டன் சாண்டர்சன் என்ற இளம் எழுத்தாளரைத் தேர்ந்தெடுத்தார். ஜோர்டனின் குறிப்புகளைக் கொண்டு சாண்டர்சன் எழுதிய மூன்று நூல்களில் கடைசியானது 2013இல் வந்தது.

சாண்டர்சனின் சொந்தத் தொடரான ‘மிஸ்ட்பார்ன்’ 2006இல் தொடங்கியது. அதில் மந்திரவாதிகள் உலோகத்தை விழுங்கி வயிற்றில் எரிக்கிறார்கள். எஃகு எரிந்தால் எதிரே உள்ள உலோகத்தைத் தள்ளலாம். இரும்பு எரிந்தால் இழுக்கலாம். தள்ளப்படும் பொருள் கனமானது என்றால் தள்ளுபவர்தான் பின்னால் பறப்பார். விலை கிராம் கணக்கில் தெரிகிறது. சண்டைக் காட்சிகள் சதுரங்க ஆட்டம்போல் விறுவிறுப்பானவை. மொழிநடை அந்த அளவுக்கு நினைவில் நிற்பதில்லை.

இவற்றில் பெரும்பாலானவற்றைவிடச் சிறியது உர்சுலா கே. லெ குவினின் ‘எர்த்சீ’. 1968இல் வந்த ‘எ விசார்ட் ஆஃப் எர்த்சீ’ ஏறத்தாழ 200 பக்கம்தான். தீவுக்கூட்டம் ஒன்றில் ஆடு மேய்க்கும் மாநிறச் சிறுவன் கெட் மந்திரம் கற்கப் போகிறான். வெள்ளைத்தோல் நாயகர்களே வழக்கமாக இருந்த காலத்தில் லெ குவின் அறிந்தே செய்த தேர்வு அது. இங்கே மந்திரம் என்பது ஒரு பொருளின் உண்மைப் பெயரை அறிவது. ஓரிடத்தில் மழையை அழைத்தால் வேறோரிடத்தில் வறட்சி வரலாம். ஆகவே பெரிய மந்திரவாதி என்பவர் பெரும்பாலும் சும்மா இருப்பவர். செருக்கினால் கெட் ஒரு நிழலை உலகுக்குள் விட்டுவிடுகிறான். துரத்தி, துரத்தப்பட்டு, கடைசியில் அதற்குத் தன் பெயரையே சூட்டுகிறான். பெரும்போர் எதுவும் இல்லை.

1972இல் வந்த மூன்றாம் நூலில், சாவுலகத்துக்கும் உயிருலகத்துக்கும் இடையே திறந்துவிட்ட வாசலை அடைக்கக் கெட் தன் ஆற்றல் முழுவதையும் செலவழித்துவிடுகிறான். தொடர் அங்கேயே நிறைவாக முடிந்தது. ஆனால் 18 ஆண்டுகள் கழித்து, 1990இல், லெ குவின் ‘தெஹானு’ என்ற நான்காம் நூலை எழுதினார். மந்திரப் பள்ளியில் ஏன் பெண்களுக்கு இடமில்லை என்று தன் உலகத்தையே அவர் கேட்ட நூல் அது. கதையைச் சுமப்பவள் தெனார் என்ற நடுவயது விதவை. அவள் கையில் தீயில் கருகிய ஒரு சிறுமி. ஆற்றல் இழந்த கெட் வெட்கத்தோடு ஊர் திரும்பி, மலைமேல் மீண்டும் ஆடு மேய்க்கப் போகிறான். 2001இல் வந்த ‘தி அதர் விண்ட்’ நாவலில் லெ குவின் முதல் நூலிலேயே தான் எழுப்பிய சாவுலகின் கல்மதிலுக்கும் வந்து சேர்ந்தார். இறந்தவர்களை அடைத்து வைத்திருந்த அந்த மதிலை உயிருள்ளவர்களும் இறந்தவர்களுமாகச் சேர்ந்து கல் கல்லாகப் பிரித்துப் போடுகிறார்கள்.