வளர்த்த பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தவர்கள்

கொட்டாஞ்சேனையில் நான் படிப்பிக்கும் வகுப்பில் இருந்த ஆறு வயதுப் பிள்ளை ஒருத்தி, எங்கள் வெள்ளவத்தை வீட்டில் இரண்டு வருடமும் எட்டு மாதமும் வளர்ந்தாள். வாப்பா மௌத்தாகிவிட்டார். உம்மா வீட்டுப் பணிப்பெண்ணாகக் குவைத் போனார். சென்ற வருடம் அவர் திரும்பி வந்து மகளைக் கூட்டிச் சென்றார். அல்ஹம்துலில்லாஹ், நடக்க வேண்டியது அதுதான். ஆனால் அன்றிரவு என் மகன் அவளுடைய தலையணையை வைத்துக்கொண்டு அழுதான். நானும் அழுதேன்.

மையித்து வீட்டுக்குச் சாப்பாடு கொண்டு வரும் அயலவர்கள் இதற்கு வரவில்லை. "பாரம் குறைஞ்சது தானே டீச்சர்" என்றார்கள். "அமானிதத்தைக் கொடுத்திட்டீங்க, பிறகென்ன கவலை?" என்றார் ஒரு மாமி.

அமானிதம் என்பது சரி. அல்குர்ஆனின் 33ஆம் அத்தியாயம் 4, 5ஆம் வசனங்கள், வளர்ப்புப் பிள்ளையை அதன் தந்தையின் பெயராலேயே அழைக்கச் சொல்கின்றன. 'முஹம்மதின் மகன் ஸைத்' என்று அழைக்கப்பட்டவர் அதன் பின்னர் மீண்டும் ஸைத் இப்னு ஹாரிஸா (ரழி) ஆனார். வம்சத்தை மாற்றக்கூடாது என்பதே சட்டம். பாசம் வைக்கக்கூடாது என்று எங்கும் இல்லை. நம்மவர்கள் பலர் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

ஹலீமா (ரழி) அவர்களைப் பாருங்கள். பால்குடி மறந்ததும் நபி (ஸல்) அவர்களை மக்காவுக்குக் கொண்டு வந்தவர், அங்கு நோய் தொற்றிவிடும் என அஞ்சுவதாகச் சொல்லி, ஆமினா அவர்களிடம் மன்றாடித் திரும்பவும் கூட்டிச் சென்றார். ஸீராவில் உள்ள இச்சம்பவத்தை வகுப்பில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அதிலிருந்த தவிப்பு இப்போதுதான் விளங்குகிறது.

அவரது மகள் ஷைமா, சிறு வயதில் நபியவர்களைத் தூக்கித் திரிந்த ராத்தா. ஹிஜ்ரி 8இல் ஹுனைன் யுத்தத்தின் பின் கைதிகளோடு கொண்டுவரப்பட்டு, தன்னை இன்னாரென்று சொன்னபோது, நபியவர்கள் தமது மேலாடையை விரித்து அவரை அமரச் செய்தார்கள். பிரிந்து ஐம்பது வருடங்களுக்கு மேலாகியிருந்தது. தங்குவதா, ஊர் போவதா என்பதை அவரிடமே விட்டார்கள்.

பிள்ளையைப் பொறுப்பெடுப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். போகும் நாளைப் பிள்ளைக்கும், உங்கள் சொந்தப் பிள்ளைகளுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அழுவார்கள் என்று பயந்து நாங்கள் கடைசி நாள் வரை மறைத்தோம். அது எங்கள் பிழை. முதல் மூன்று மாதமும் அவள் போனில் எங்களோடு பேசவேயில்லை.

ஹஜ்ஜுப் பெருநாளைக்கு உம்மாவோடு வந்தாள். வாசலில் நின்று, செருப்பை எங்கே கழற்றுவது என்று கேட்டாள். மகன் போய் இடத்தைக் காட்டினான்.