சக்கரம் அசைய ஓர் இடம்

புதிதாக வாங்கிய காரை ஐந்தாறு வருஷங்கள் ஓட்டிய பிறகு, வண்டி முன்போல இல்லை, பள்ளங்களில் தூக்கித் தூக்கிப் போடுகிறது, திருப்பங்களில் ஒரு பக்கமாகச் சாய்கிறது என்று சொந்தக்காரருக்குத் தோன்றத் தொடங்கும்போது, மெக்கானிக் ஷெட்டுக்குப் போவதற்கு முன்பே அவர் ஆக்சஸரீஸ் கடைக்குப் போய் நின்றுவிடுகிறார். ஸ்பிரிங்கின் சுருள்களுக்கு நடுவே செருகும் ரப்பர் பஃபரிலிருந்து, வண்டியைத் தரையோடு தாழ்த்தும் ஸ்பிரிங்குகள், உயரத்தைத் திருகிக் கூட்டிக் குறைக்கும் காயிலோவர் வரையில் அங்கே சகலமும் கிடைக்கும். அலுவலகத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தினந்தோறும் போய்வந்து, பண்டிகைக்குக் குடும்பத்தோடு ஊருக்கும் போகிற ஒரு சாதாரணக் காருக்கு இவற்றில் எது உகந்தது என்று தீர்மானிக்குமுன், சஸ்பென்ஷன் என்ற அந்த அமைப்பு எதை நம்பி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

ஸ்பிரிங் வண்டியின் பாரத்தைத் தாங்குகிறது; சாலை மேலே தள்ளும் சக்கரத்தைச் சுருங்கி ஏற்றுக்கொண்டு, வாங்கிய சக்தியைத் திருப்பித் தருகிறது. அப்படித் திருப்பித் தரும்போது வண்டி மேலும் கீழுமாக ஆடாதபடி அடக்குவது ஷாக் அப்சார்பர். அதற்குள் இருக்கும் எண்ணெய் சிறு துவாரங்களின் வழியே நெருக்கியடித்துக்கொண்டு ஓடுவதால், ஆட்டத்தின் சக்தி உஷ்ணமாக மாறி வெளியேறிவிடுகிறது. ஸ்பிரிங் எல்லை மீறிச் சுருங்கினால் உலோகத்தோடு உலோகம் மோதாதபடி காப்பது பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர்த் துண்டு. இம்மூன்றுக்கும் ஆதாரமாக இருப்பது, சக்கரம் மேலும் கீழும் அசைவதற்கென்று வண்டியைச் சமைத்தவர்கள் விட்டுவைத்த சில அங்குல இடம். என் அபிப்பிராயத்தில் சஸ்பென்ஷனின் உண்மையான ஆஸ்தி அந்த இடந்தான். எந்தச் சாமானை வாங்கினாலும், அது இந்த ஆஸ்தியைக் காப்பாற்றுகிறதா, கரைக்கிறதா என்று கேட்டுவிட்டே வாங்க வேண்டும்.

உதாரணமாக, ஆட்கள் ஏறிய ஒரு காரில் சக்கரம் மேலே எழும்ப 8 செ.மீ. இடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அழகுக்காக வண்டியை 4 செ.மீ. தாழ்த்தினால் பாதி இடம் போய்விடும். ஒரு ஸ்பிரிங் உள்வாங்கும் சக்தி அது சுருங்கும் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப அமைவதால், முன்பு தாங்கிய அதே அதிர்ச்சியைப் பாதித் தூரத்துக்குள் தாங்க வேண்டுமானால், புது ஸ்பிரிங் பழையதைப்போல 4 மடங்கு கடினமாக இருந்தாக வேண்டும். அவ்வளவு கடினமான ஸ்பிரிங்கைக் குடும்பக் காருக்கென்று யாரும் விற்பதில்லை; விற்றாலும் அந்த வண்டியில் ஒருவரும் உட்கார மாட்டார்கள். ஆகையால் ஸ்பிரிங் தாங்காத மிச்சம் முழுவதும் பம்ப் ஸ்டாப்பில் போய் விழுகிறது. பின்ஸீட்டில் இருக்கும் வயோதிகர் அதைத் தம் முதுகெலும்பில் உணர்கிறார்.

தாழ்த்தினால் வண்டி சாயாது என்று பலர் நம்புகிறார்கள். இன்றைய சிறு கார்களில் பெரும்பாலும் முன்பக்கம் இருப்பது மாக்ஃபர்ஸன் ஸ்ட்ரட் என்ற அமைப்பு. அதில் வண்டியை மிகவும் தாழ்த்தும்போது, சக்கரத்தை வண்டியோடு இணைத்து, கிடையாகவோ சற்றுக் கீழ்நோக்கியோ இருக்க வேண்டிய லோயர் ஆர்ம், சக்கரப் பக்கமாக மேல்நோக்கிச் சாய்ந்துவிடும். வண்டி எந்த மையத்தைப் பற்றிப் புரளுகிறதோ அந்த மையம், வண்டியின் பாரமையம் இறங்கியதைக் காட்டிலும் அதிகமாக இறங்கிப்போவதால், புரளச்செய்யும் நெம்பு நீண்டுவிடுகிறது. கடினமான ஸ்பிரிங்கால் கிடைத்த லாபத்தில் ஒரு பகுதி இவ்வாறு நஷ்டமாவதோடு, பள்ளத்தில் ஏறி இறங்கும்போது சக்கரத்தின் திசையும் சிறிது மாறி, ஸ்டியரிங் கையில் இழுக்க ஆரம்பிக்கிறது.

நம்முடைய வேகத்தடைகளையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 25 கி.மீ. வேகத்தில் கடப்பதற்கான வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் கொண்டு, 17 மீட்டர் ஆரமுள்ள வில்லைப்போல வளைந்திருக்க வேண்டும் என்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988-இல் விதி வகுத்தது. தெருவுக்குத் தெரு ஒரே ராத்திரியில் முளைக்கும் குறுகிய செங்குத்து மேடுகளைக் கடந்து போகிறவர்களுக்கு, அந்த விதிக்கும் வாழ்க்கைக்கும் உள்ள தூரம் நன்றாகத் தெரியும். இப்படிப்பட்ட சாலைகளில் வண்டியைத் தாழ்த்துவது தினசரி உபயோகத்துக்குப் பொருந்தாது என்பது என் தீர்மானமான கருத்து.

தாழ்த்தாமல் கடினத்தை மட்டும் கூட்டினால் என்ன என்று கேட்கலாம். மிதமாகக் கூட்டுவதில் தவறில்லை. ஆனால் குடும்பக் கார்களின் ஸ்பிரிங்குகள் நிமிஷத்துக்குச் சுமார் 60 முதல் 90 தடவை ஆடும்படி அமைவது தற்செயலாக நேர்ந்ததல்ல. மனிதன் நடக்கும்போது உடம்பு ஏறி இறங்கும் லயத்துக்கு அது அருகில் இருப்பதால், நெடும் பிரயாணத்திலும் உடம்பு அதைப் பொறுத்துக்கொள்கிறது. 1930-களில் அமெரிக்காவில் காடிலாக் நிறுவனத்தில் இதை ஆராய்ந்த மாரிஸ் ஆலி என்ற பொறியியலாளர், முன் ஸ்பிரிங்கின் ஆட்டம் பின் ஸ்பிரிங்கினுடையதைவிடச் சற்று மந்தமாக இருந்தால், மேட்டில் முதலில் ஏறிய முன்பக்கத்தைப் பின்பக்கம் எட்டிப் பிடித்து, வண்டி முன்னும் பின்னும் குதிரைபோல் எகிறாமல் மட்டமாகப் போகும் என்று கண்டார். முன் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிவிட்டுப் பின்னதை அப்படியே விடுகிறவர்கள் இந்தப் பொருத்தத்தைக் குலைத்துவிடுகிறார்கள்.

ஸ்பிரிங் கம்பி விஷயத்தில் கண்ணளவை நம்பக்கூடாது. சுருளின் மற்ற அளவுகள் மாறாமல் கம்பியின் கனம் மட்டும் 12 மி.மீ.யிலிருந்து 13 மி.மீ. ஆனால், கடினம் ஏறக்குறைய 38 சதவீதம் கூடிவிடுகிறது. கனத்தின் நான்காவது அடுக்குக்கு ஏற்பக் கடினம் வளர்வதே காரணம். கேஸ் கட்டரால் ஒரு சுற்றை வெட்டித் தாழ்த்துகிறவர்கள், மிச்சச் சுற்றுகளைக் கடினமாக்கி, சூட்டினால் எஃகின் பதத்தையும் கெடுத்து, ஸ்பிரிங் தன் இருக்கையில் சரியாக உட்காராமலும் செய்துவிடுகிறார்கள். ரப்பர் பஃபரும் ஒரு வகையில் அதே காரியத்தைத்தான் செய்கிறது. தான் செருகப்பட்ட சுற்றை அசையவிடாமல் தடுத்து, அதன் வேலையை மற்றச் சுற்றுகளின் தலையில் கட்டுகிறது. வண்டி சற்று உயர்ந்து நிற்பதைக் கண்டு சந்தோஷப்படும் சொந்தக்காரர், தளர்ந்துபோன ஸ்பிரிங்கின் நோயை மறைத்துவைத்திருக்கிறார் என்றே சொல்ல வேண்டும்.

அந்த நோயைப் பார்க்கச் சக்கரத்தைக் கழற்றினால் போதும். ஸ்ட்ரட்டின் மேல் எண்ணெய் கசிந்து புழுதியோடு குழைந்து கறுப்பாகப் படிந்திருக்கும். அதன் தண்டை மூடும் ரப்பர் உறை கிழிந்து தொங்கும். உறையை விலக்கினால் உள்ளே பம்ப் ஸ்டாப் இருந்த இடத்தில் மஞ்சள் தூள் மட்டும் உதிரும். லோயர் ஆர்மின் மூட்டில் இருக்கும் ரப்பர் புஷ்ஷில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினால், வெடித்த ரப்பர் வாயைத் திறக்கும். டயரின் ஓரத்தில் உள்ளங்கையை ஓட்டினால் மேடும் பள்ளமுமாகத் தட்டுப்படும். செத்துப்போன ஷாக், சக்கரத்தைச் சாலையில் குதிக்கவிட்டதற்கு அது அத்தாட்சி. “சார், ஷாக் மட்டும் மாத்தினா பத்தாது, மவுண்ட், புஷ், லிங்க் ராட் எல்லாம் போயிடுச்சு” என்று மெக்கானிக் சொல்லும்போது, செலவை இழுக்கிறார் என்று சந்தேகிக்காமல் அந்தச் சாமான்களைக் கையில் வாங்கிப் பாருங்கள். கம்பெனி தந்த அதே தரத்தில் இவற்றையெல்லாம் ஒருமுறை புதுப்பித்து, டயர்களில் கதவோரத்து ஸ்டிக்கரில் குறித்த அளவுக்குக் காற்றை நிரப்பி ஓட்டிப் பார்ப்பவர்களில் பலருக்கு, வேறெதுவும் வாங்க வேண்டும் என்ற ஆசையே போய்விடும்.

அதற்கு மேலும் வேண்டும் என்பவர்கள் முதலில் பணம் செலவழிக்க வேண்டிய இடம் ஷாக்தான். இரட்டைக் குழாய் ஷாக் நம் கார்களில் சர்வ சாதாரணம். விலை குறைவு, வெளிக்குழாய் சற்று நசுங்கினாலும் பெரும்பாலும் வேலை செய்யும். ஆனால் மோசமான சாலையில் நெடுநேரம் விரட்டினால் எண்ணெய் நுரைத்துத் தளரும். ஒற்றைக் குழாய் ஷாக்கில் அதிக அழுத்தமுள்ள நைட்ரஜன் வாயு எண்ணெயை நுரைக்கவிடாமல் வைத்திருக்கிறது. ஜெர்மனியின் பில்ஸ்டைன் நிறுவனம் 1957-இல் மெர்ஸிடிஸ் கார்களுக்கு இதைப் பெருவாரியாகச் செய்துகொடுத்துப் பிரபலமாக்கியது. நெதர்லாந்தின் கோனி போன்றவர்கள், ஷாக் நீளும்போது காட்டும் எதிர்ப்பைத் திருகிக் கூட்டிக் குறைக்க வசதி செய்திருக்கிறார்கள். இந்த வசதியை நிதானத்தோடு பிரயோகிக்க வேண்டும். எதிர்ப்பை அளவுக்கு மீறிக் கூட்டினால், அடுத்தடுத்து வரும் பள்ளங்களில், சுருங்கிய ஸ்பிரிங் மறுபடி நீள அவகாசமில்லாமல் வண்டி படிப்படியாகக் கீழே அமுங்கி, தாழ்த்தாத காரும் தாழ்த்திய கார் ஆகிவிடும்.

காயிலோவர் பந்தயத்துக்கு உகந்தது. உயரத்தைத் திருக அதில் வெட்டியிருக்கும் மரை, கடற்காற்றும் மழைச் சேறும் பட்டு இறுகிவிட்டால் பிறகு திருக முடிவதில்லை. ரப்பர் இல்லாத உலோக மவுண்டோடு வரும் வகையில் சாலையின் ஒவ்வொரு கல்லும் காருக்குள் கேட்கும். பாலியூரித்தேன் புஷ்களும் ஸ்டியரிங்குக்குத் துல்லியம் தந்து, பதிலாக அதிர்வையும் சத்தத்தையும் உள்ளே அனுப்புகின்றன. சாய்வுதான் குறை என்றால், வசதிக்கு அதிகப் பங்கமில்லாமல் அதைத் தீர்ப்பது, இடது வலது சக்கரங்களை இணைக்கும் ஆன்டிரோல் பார் என்ற கம்பியைச் சற்றுக் கனமாகப் போடுவது; இரு சக்கரங்களும் ஒன்றாக ஏறும் வேகத்தடையில் அது குறுக்கிடுவதில்லை. ஒரு சக்கரம் மட்டும் விழும் பள்ளத்தில் குலுக்கல் கொஞ்சம் கூடும். பின்பக்கத்துக்கு மட்டும் மிகக் கனமானதைப் போட்டு, மழைக்காலத்தில் வண்டியின் பின்புறம் வழுக்க இடங்கொடுக்க வேண்டாம்.

1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. மாற்றத்துக்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் நிறுவனத்திலும் எழுத்தில் கேட்டுவிடுவது உத்தமம்.

பூட்டும்போது பக்கத்தில் நின்று ஒன்றை மட்டும் கவனியுங்கள். வண்டி லிஃப்டில் தொங்கும் நிலையில் லோயர் ஆர்ம் புஷ்ஷின் போல்ட்டை முழுவதும் இறுக்கிவிட்டால், வண்டி தரையில் இறங்கியதுமே அந்த ரப்பர் முறுக்கிக்கொண்டு, சில மாதங்களில் கிழிந்துவிடும். லிஃப்டில் லேசாகப் பிடித்துவைத்து, சக்கரங்கள் தரையில் நின்று பாரம் முழுவதும் இறங்கிய பிறகு கடைசி இறுக்கு இறுக்கச் சொல்லுங்கள். அதன்பின் வீல் அலைன்மெண்டுக்கு விட்டு, ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் எல்லாப் போல்ட்டுகளையும் மறுபடி ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.