நொடிக்கு 60 படம்

சிலிம் ரிவரில் எஸ்பிஎம் முடித்த பிள்ளை "அனிமேஷன் படிக்கப் போறேன்" என்றால் வீட்டில் விழும் முதல் கேள்வி: "கார்ட்டூன் வரையவா பல்கலைக்கழகம்?" கேட்பதில் தவறில்லை. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களுக்குப் படிப்பென்றால் ஆசிரியர், டாக்டர், வக்கீல். பக்கத்துத் தஞ்சோங் மாலிமில் இருக்கும் உப்சி பல்கலைக்கழகமும் 1922இல் ஆசிரியர் கல்லூரியாகத் தொடங்கியதுதான்.

ஆனால் மலேசியாவின் முதல் அனிமேஷன் குறும்படத்தை உருவாக்கியவரின் பெயரைப் பாருங்கள்: ஆனந்தம் சேவியர். அரசுத் திரைப்பட நிறுவனமான பிலெம் நெகாராவில் வேலை பார்த்தவர். சருகுமான் கதையை 'ஹிகாயத் சாங் கஞ்சில்' என்று 1978இல் படமாக்கினார். மக்கள் பார்க்க 1983 ஆயிற்று. அன்று இதைக் கற்றுத்தரக் கல்லூரி இல்லை. இன்று இருக்கிறது. அதிலும் 'இண்டராக்டிவ்' என்ற சொல் ஒட்டிக்கொண்டால், அதாவது கேமுக்கான அனிமேஷன் என்றால், படிப்பே வேறு.

திரைப்படத்துக்கு நொடிக்கு 24 படம், நிமிடத்துக்கு 1,440. ஒரே படத்தை உருவாக்கக் கணினி மணிக்கணக்கில் எடுத்துக்கொண்டாலும் கவலையில்லை. ராத்திரி ஓடவிட்டுத் தூங்கப் போகலாம். கேமில் அந்தச் சலுகை கிடையாது. பல கேம்கள் நொடிக்கு 60 படம் காட்டுகின்றன. ஒரு படத்துக்குக் கிடைப்பது சுமார் 16 மில்லி நொடி. அதற்குள் எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டது என்று பார்த்து, உருவத்தை அசைத்து, ஒளியும் நிழலும் சேர்த்துத் திரையில் காட்டியாக வேண்டும்.

கார்ட்டூன் தொடரில் உபினும் இபினும் எப்போது திரும்புவார்கள் என்பதை இயக்குநர் முடிவு செய்கிறார். கேமில் அதை முடிவு செய்வது விளையாடுகிறவரின் கட்டைவிரல். ஆகவே நிற்பது, நடப்பது, ஓடுவது, குதிப்பது என்று அசைவுகளைத் தனித்தனியாகச் செய்து, எதிலிருந்து எதற்குத் தாவினாலும் ஒட்டுத் தெரியாமல் இணைக்க வேண்டும். ஓடுகிறவன் சட்டென நின்றால் பாதம் தரையில் வழுக்கக் கூடாது. சொல்ல எளிது, செய்து பார்த்தால் தெரியும். இதற்கு உடற்கூறு தெரிந்த ஓவியக் கையும் வேண்டும், யூனிட்டி கேம் மென்பொருளில் சி ஷார்ப் நிரல் எழுதும் தலையும் வேண்டும். கணக்கைக் கண்டு பயந்து கலைக்கு ஓடிவருகிறவர்களுக்கு இது தப்பான வாசல்.

சைபர்ஜெயாவின் மல்டிமீடியா பல்கலைக்கழகம் இத்துறையின் பழைய நாற்றங்கால். 2007இல் வந்த 'உபின் & இபின்' தொடரின் தொடக்கக் குழுவில் அங்கே படித்த இளைஞர்கள் இருந்தார்கள். பிறகு அவர்கள் பிரிந்து 2009இல் அனிமோன்ஸ்டா ஸ்டுடியோவைத் தொடங்கினார்கள். 2011இல் அவர்களின் 'போபோய்போய்' தொடர் வந்தது. கேம் பக்கம், பிளேஸ்டேஷனுக்கே கோலாலம்பூரில் ஒரு ஸ்டுடியோ உண்டு.

எல்லாம் வெற்றிக் கதையல்ல. ஈப்போவில் 2017 ஜூனில் கோலாகலமாகத் திறந்த மேப்ஸ் அனிமேஷன் பூங்கா 2020 ஜனவரியில் மூடப்பட்டது. கட்டடம் கட்டத் தெரிந்தவர்களுக்குக் கூட்டம் சேர்க்கத் தெரியவில்லை என்பது என் கணிப்பு. நல்ல வேளையாக, வேலைகள் பூங்காவில் இல்லை, ஸ்டுடியோக்களில் இருக்கின்றன.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கல்லூரியின் பளபளப்பான கையேட்டை ஓரமாக வைத்துவிட்டு, இறுதியாண்டு மாணவர் செய்த கேமைக் கேட்டு வாங்கி விளையாடிப் பாருங்கள். பிறகு அந்தப் படிப்பு, அங்கீகாரம் வழங்கும் எம்கியூஏ அமைப்பின் பதிவேட்டில் இருக்கிறதா என்று தேடுங்கள். அங்கீகாரம் இல்லாத படிப்புக்கு பிடிபிடிஎன் கடன் கிடைக்காது.