இணையவழிப் பாடங்களுக்குத் தோள்கொடுக்கும் மாணவர்கள்: ஸ்வயம் தளத்தின் பின்னணியில் நடப்பது என்ன?

நாட்டின் முன்னணிக் கல்வி நிறுவனங்களின் பேராசிரியர்கள் நடத்தும் பாடங்களை எந்த ஊரில் இருப்பவரும் கட்டணமின்றிப் பயிலலாம் என்ற நிலை இன்று உருவாகியுள்ளது. காணொளியைப் பார்ப்பது எளிது. பாடத்தை முடித்துத் தேர்வில் தேறுவது அவ்வளவு எளிதன்று. இந்த இரண்டுக்கும் இடையிலான தொலைவைக் குறைக்கும் பணியில் ஆய்வு மாணவர்களும் இளநிலைப் பட்ட மாணவர்களும் ஈடுபட்டு வருகின்றனர். இவர்கள் என்ன செய்கிறார்கள், அதனால் யாருக்குப் பயன், இதில் கவனிக்க வேண்டியவை எவை என்பதைப் பார்ப்போம்.

தளம் வளர்ந்த விதம்

தேசியத் தொழில்நுட்ப மேம்பாட்டுக் கற்றல் திட்டம் எனப்படும் என்பிடெல், 2003-ஆம் ஆண்டு ஏழு ஐஐடி நிறுவனங்களும் பெங்களூருவில் உள்ள இந்திய அறிவியல் கழகமும் இணைந்து தொடங்கிய திட்டமாகும். தொடக்கத்தில் பொறியியல், அறிவியல் பாடங்களின் விரிவுரைகளைப் பதிவு செய்து வெளியிடுவதே அதன் நோக்கமாக இருந்தது. 2014-ஆம் ஆண்டு முதல் சான்றிதழுடன் கூடிய இணையவழிப் பாடங்கள் நடத்தப்பட்டு வருகின்றன. 2017-ஆம் ஆண்டு ஜூலையில் மத்திய அரசின் ஸ்வயம் தளம் தொடங்கப்பட்டது. அதன் தேசிய ஒருங்கிணைப்பு அமைப்புகளுள் ஒன்றாக என்பிடெல் செயல்படுகிறது.

ஸ்வயம் பாடம் ஒவ்வொன்றும் நான்கு அங்கங்களைக் கொண்டது. காணொளி விரிவுரை, படிப்பதற்கான பாடக் குறிப்புகள், தன்மதிப்பீட்டுத் தேர்வுகள், ஐயங்களைக் கேட்பதற்கான விவாதப் பகுதி ஆகியவையே அவை. இவற்றுள் முதல் அங்கத்தைப் பேராசிரியர் ஒருமுறை பதிவு செய்துவிட்டால் போதும். மற்ற மூன்றையும் ஒவ்வொரு பருவத்திலும் புதுப்பிக்க வேண்டும். வரும் கேள்விகளுக்கு விடையளிக்க வேண்டும். ஆயிரக்கணக்கானோர் பதிவு செய்யும் ஒரு பாடத்தில் தனியொரு பேராசிரியரால் இதைச் செய்து முடிக்க இயலாது. இங்குதான் மாணவர்களின் பங்கு தொடங்குகிறது.

இது ஏன் முக்கியம்?

இணையவழிப் பாடம் என்பது விருப்பத்தின் பேரில் படிக்கும் கூடுதல் பாடமாக மட்டும் இப்போது இல்லை. ஸ்வயம் பாடங்களுக்குப் பெறும் மதிப்பெண் அலகுகளைப் பட்டப் படிப்பில் சேர்த்துக்கொள்ளப் பல்கலைக்கழக மானியக் குழு 2016-ஆம் ஆண்டில் விதிமுறை வகுத்தது. அப்போது ஒரு பருவத்தின் பாடங்களில் 20 சதவீதம் வரை இவ்வாறு பயில அனுமதி இருந்தது. 2021-ஆம் ஆண்டின் விதிமுறைகள் இதனை 40 சதவீதமாக உயர்த்தின. ஆகவே, இத்தகைய பாடத்தில் தவறுவது பட்டம் பெறுவதையே தாமதப்படுத்தக் கூடும்.

என்பிடெல் பாடங்களில் வாராந்திர ஒப்படைப்புகளுக்கு 25 மதிப்பெண்ணும், மையத்துக்கு நேரில் சென்று எழுதும் தேர்வுக்கு 75 மதிப்பெண்ணும் ஒதுக்கப்படுகின்றன. சான்றிதழ் பெற ஒப்படைப்பில் குறைந்தது 10, தேர்வில் குறைந்தது 30 என இரண்டிலும் தனித்தனியே தேற வேண்டும். ஒரு வாரப் பாடம் புரியாமல் போனால் அடுத்த வாரத்து ஒப்படைப்பும் தடுமாறும். வகுப்பறையில் கை உயர்த்திக் கேட்கும் வாய்ப்பு இல்லாத மாணவர், பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது வாரத்திலேயே விலகிவிடுகிறார். அனுபவமிக்க ஆசிரியர்கள் குறைவாக உள்ள சிறு ஊர்க் கல்லூரிகளின் மாணவர்களையே இது அதிகம் பாதிக்கிறது.

ஆய்வு மாணவர்களின் நேரலை வகுப்புகள்

2018-19 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட பிரதமரின் ஆராய்ச்சி உதவித்தொகைத் திட்டம், முனைவர் பட்ட மாணவர்களுக்கு மாதம் 70,000 ரூபாய் முதல் 80,000 ரூபாய் வரை வழங்க வகை செய்தது. இதனைப் பெறுவோர் வாரத்துக்கு ஒருமுறை பாலிடெக்னிக், ஐடிஐ, பொறியியல் கல்லூரி போன்ற நிறுவனங்களில் கற்பிக்க வேண்டும் என்பது திட்டத்தின் நிபந்தனைகளுள் ஒன்று. இவர்களில் பலர் என்பிடெல் பாடங்களுக்கான நேரலைப் பயிற்சி வகுப்புகளை நடத்துகின்றனர்.

இவ்வகுப்புகளில் விரிவுரை மீண்டும் நிகழ்த்தப்படுவதில்லை. அந்த வாரத்துப் பாடத்தின் அடிப்படையில் கணக்குகளை ஒவ்வொரு படியாகச் செய்து காட்டுவதும், கேட்போரின் ஐயங்களைத் தீர்ப்பதுமே நோக்கம். நேரலையில் பங்கேற்க இயலாதவர்களும் பின்னர் பார்க்கும் வகையில் பதிவுகள் வைக்கப்படுகின்றன. இவ்வாறு ஒரு பருவத்தில் உருவாகும் பயிற்சிப் பதிவுகள், அதே பாடத்தை அடுத்து எடுப்போருக்கும் துணைப் பாடமாக அமைகின்றன.

பாடநூல் கணக்குகளுக்கு நிரல் எழுதும் மாணவர்கள்

இளநிலைப் பட்ட மாணவர்களே நேரடியாகத் துணைப் பாடங்களை உருவாக்கும் முயற்சிக்குச் சிறந்த எடுத்துக்காட்டு மும்பை ஐஐடியின் ஃபாஸி திட்டம். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் நிதியுதவி பெறும் இத்திட்டம், விலை கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருள்களுக்கு மாற்றாகக் கட்டற்ற மென்பொருள்களைக் கல்லூரிகளுக்குக் கொண்டு செல்கிறது. கணக்கீட்டுப் பணிகளுக்கான சைலேப் அவற்றுள் ஒன்று.

மென்பொருள் இலவசமாகக் கிடைத்தாலும், தம் பாடத்துக்கு அதை எப்படிப் பயன்படுத்துவது என்று காட்டும் எடுத்துக்காட்டுகள் இல்லாவிட்டால் மாணவர்கள் அதனை நாட மாட்டார்கள். இக்குறையைப் போக்க உருவானதே 'பாடநூல் துணைவன்' என்று பொருள்படும் டெக்ஸ்ட்புக் கம்பேனியன் திட்டம். பல்கலைக்கழகங்களில் பயன்படும் ஒரு பாடநூலை மாணவர் தேர்ந்தெடுக்கிறார். அந்நூலில் தீர்வுடன் தரப்பட்டுள்ள கணக்குகள் ஒவ்வொன்றுக்கும் சைலேப் நிரல் எழுதுகிறார். நிரல் தரும் விடை, நூலில் உள்ள விடையோடு பொருந்துகிறதா என்று சரிபார்க்கப்படுகிறது. பணியை முடித்தவருக்கு மதிப்பூதியமும் சான்றிதழும் வழங்கப்படுகின்றன.

நிரல்களின் எண்கள் மூல நூலின் கணக்கு எண்களையே பின்பற்றுகின்றன. எனவே, நூலைக் கையில் வைத்திருப்பவர் உரிய நிரலை உடனே கண்டறியலாம். தொகுப்பின் முதல் பக்கத்தில் அதை உருவாக்கிய மாணவரின் பெயர், அவரது கல்லூரி, வழிகாட்டிய ஆசிரியர், சரிபார்த்தவர் ஆகிய விவரங்கள் அச்சிடப்படுகின்றன. நாட்டின் பல பகுதிகளிலும் உள்ள கல்லூரி மாணவர்கள் இவ்வாறு நூற்றுக்கணக்கான நூல்களுக்குத் துணைத் தொகுப்புகளை உருவாக்கியுள்ளனர். அவை அனைவரும் இலவசமாகப் பதிவிறக்கிப் பயன்படுத்தும் வகையில் வெளியிடப்பட்டுள்ளன.

புதியவரின் கண்களால் ஒரு சோதனை

மும்பை ஐஐடியின் மற்றொரு முயற்சியான ஸ்போக்கன் டுடோரியல், கணினி மென்பொருள்களைச் சுமார் பத்து நிமிடக் காணொளிகள் வழியே கற்பிக்கிறது. ஆசிரியர் அருகில் இல்லாமல் ஒருவர் தனியாகவே பார்த்துக் கற்க வேண்டும் என்ற எண்ணத்தில் இவை தயாரிக்கப்படுகின்றன. ஆங்கிலத்தில் உருவாகும் பாடங்களுக்குத் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் குரல் கொடுக்கப்படுகிறது.

இதன் தயாரிப்பு முறையில் ஒரு கட்டம் குறிப்பிடத்தக்கது. காணொளியைப் பதிவு செய்வதற்கு முன், அதன் எழுத்து வடிவம் அந்த மென்பொருளை முன்பின் அறியாத ஒருவரிடம் தரப்படுகிறது. அவர் அதைப் படித்து, சொல்லப்பட்டபடி செய்து பார்க்கிறார். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அந்த இடம் திருத்தப்படுகிறது. துறை வல்லுநருக்குப் பழகிப்போன படிகள் அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை; விளக்கும்போது அவற்றைத் தாண்டிச் சென்றுவிடுவார். அண்மையில் அதே பாடத்தைக் கற்ற மாணவருக்கோ, தான் எங்கே இடறினோம் என்பது நினைவில் இருக்கும். துணைப் பாடங்களை உருவாக்க மாணவர்கள் பொருத்தமானவர்கள் என்று கருதப்படுவதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

கவனிக்க வேண்டியவை

மாணவர்களின் பங்களிப்பில் பயன் இருப்பது போலவே சில இடர்களும் உள்ளன. முதலாவது, பிழை. பேராசிரியரின் பெயர் தாங்கிய தளத்தில் வெளியாகும் குறிப்பில் ஒரு தவறான சூத்திரம் இருந்தால், அதைப் படிப்போர் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்வர். ஆகையால், துறை அறிந்த ஒருவரின் சரிபார்ப்பு இல்லாமல் எதையும் வெளியிடக் கூடாது.

இரண்டாவது, ஒப்படைப்பு விடைகள். மதிப்பெண்ணுக்கான வினாக்களின் விடையை அப்படியே தருவது உதவி ஆகாது. அதே கருத்தை உள்ளடக்கிய வேறொரு கணக்கைச் செய்து காட்டுவதே முறை. விடையை மட்டும் பெற்று ஒப்படைப்பில் 25-க்கு 25 எடுத்தவர், தேர்வில் 30 மதிப்பெண்ணைத் தாண்ட முடியாமல் நிற்க நேரிடும்.

மூன்றாவது, காப்புரிமை. பாடநூலின் பக்கங்களைப் படமெடுத்துப் பகிர்வது சட்டச் சிக்கலுக்கு இடமளிக்கும். மாணவர் தாமே எழுதிய விளக்கமும் நிரலும் வரைபடமும் அத்தகைய சிக்கலைத் தவிர்க்கும்.

நான்காவது, உழைப்புக்கான அங்கீகாரம். ஒரு பாடத்துக்குக் குறிப்பு எழுதவும் மொழிபெயர்ப்பைத் திருத்தவும் பல வாரங்கள் தேவைப்படும். அதைத் தன்னார்வப் பணி என்று கூறி, பெயர்கூட இல்லாமல் வெளியிடுவது மாணவர்களுக்கு இழைக்கும் அநீதி. பங்களித்தவரின் பெயரை வெளியிடுவது, மதிப்பூதியம் தருவது, பயிற்சிக் காலமாகக் கணக்கிட்டு மதிப்பெண் அலகு அளிப்பது ஆகியவை கல்லூரிகள் மேற்கொள்ளக்கூடிய வழிகள்.

எப்படிப் பயன்படுத்திக்கொள்வது?

ஸ்வயம் பாடத்தில் சேர்ந்துள்ள மாணவர்கள், காணொளிகளோடு நின்றுவிடாமல் தங்கள் பாடத்துக்கு நேரலைப் பயிற்சி வகுப்புகள் உள்ளனவா என்பதைப் பருவத்தின் முதல் வாரத்திலேயே அறிந்துகொள்வது நல்லது. ஐயங்களை விவாதப் பகுதியில் எழுதும்போது, எந்தக் காணொளியில், எந்த நிமிடத்தில், எந்தப் படி புரியவில்லை என்று குறிப்பிட்டால் தெளிவான விடை கிடைக்கும்.

ஒரு பாடத்தை முடித்தவர்கள், தங்கள் கல்லூரியின் என்பிடெல் ஒருங்கிணைப்பாளர் வழியே, அடுத்து வரும் மாணவர்களுக்குப் பயிற்சிக் குழு அமைக்கலாம். தாம் தடுமாறிய இடங்களையும் பின்னர் புரிந்துகொண்ட விதத்தையும் இரண்டு பக்க அளவில் எளிய தமிழில் எழுதி, ஆசிரியரிடம் காட்டித் திருத்தி வைத்தாலே போதும். ஆங்கில விரிவுரையைக் கேட்டு மிரண்டு முதல் மாதத்திலேயே விலக நினைக்கும் ஒரு மாணவர், தேர்வு மையம் வரை செல்வதற்கு அது உதவக்கூடும்.