பாட்டி காசு மாலையில் பம்பாய் எழுத்து இருக்கிறதா? தெரியுமா உங்களுக்கு?

1898-இல் புதுக்கோட்டைச் சீமையின் கருக்காக்குறிச்சியில் ஒரே புதையலாக 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன, தெரியுமா? பெரும்பாலானவற்றில் சீசர்களின் முகத்தை உளியால் வெட்டியிருந்தார்கள்! அது மண்ணுக்குள் கிடந்த தங்கம். லண்டன் தங்கமோ குளத்தூர், கீரனூர் பக்கத்துப் பழைய வீடுகளின் பீரோவிலேயே இருக்கலாம். காசு மாலையில் கோத்த ராணி காசைத்தான் சொல்கிறேன்.

1899-இல் வந்த சட்டம் இந்தப் பவுன் காசை 15 ரூபாய்க்குச் செல்லும் நாணயமாக்கியது. புதுக்கோட்டைத் தொண்டைமான் சமஸ்தானத்தின் சில்லறையோ அம்மன் காசு. குட்டியூண்டு செப்புக் காசு, ஓர் அணாவுக்கு இருபது. கணக்குப் போடுங்கள்: ஒரு பவுனுக்கு 4,800 அம்மன் காசு!

நகைக்கடையில் ஒரு சவரன் என்றால் 8 கிராம். அசல் காசின் எடை 7.988 கிராம், விட்டம் 22.05 மில்லிமீட்டர். 22 கேரட், அதாவது 916. அதில் சுத்தத் தங்கம் மட்டும் 7.322 கிராம். அதை அன்றைய 24 கேரட் விலையால் பெருக்கினால் வருவது காசின் அடிப்படை விலை.

போலியா என்று பார்க்க உரைகல் தேவையில்லை. காசைத் தேய்க்கவே வேண்டாம்! சின்ன டிஜிட்டல் தராசில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து, அளவைப் பூஜ்யமாக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியில் தட்டாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு ஏறத்தாழ 0.45 கிராம் காட்ட வேண்டும். அதே எடையுள்ள பித்தளை என்றால் அதைப்போல இரு மடங்கு காட்டும்.

இனி முகம். விக்டோரியாவுக்கு மூன்று முகங்கள்: 1887 வரை இளம்பெண், 1893 வரை சிறு கிரீடம், அதன்பின் முக்காடு. வலப்பக்கம் பார்க்கும் வழுக்கைத் தலை ஏழாம் எட்வர்ட். இடப்பக்கம் பார்க்கும் தாடிக்காரர் ஐந்தாம் ஜார்ஜ். மறுபக்கம் கேடயம், அல்லது குதிரைமேல் புனித ஜார்ஜ் டிராகனைக் குத்தும் காட்சி. அதைச் செதுக்கியவர் பிஸ்ட்ரூச்சி என்ற இத்தாலியர்.

ஜார்ஜ் மன்னர் காசாக இருந்தால் லென்ஸை எடுங்கள்! குதிரைக் காலுக்கும் ஆண்டுக்கும் நடுவே உள்ள தரைக்கோட்டில் கடுகளவு ஆங்கில எழுத்து தெரிகிறதா? எஸ் என்றால் சிட்னி, எம் என்றால் மெல்போர்ன், பி என்றால் பெர்த். ஐ என்றால் நம் பம்பாய்! உலகப்போரில் தங்கம் கடல் கடப்பது ஆபத்தானதால், லண்டன் ராயல் மின்ட் பம்பாயில் ஒரு கிளையே திறந்து சுமார் 13 லட்சம் பவுன் அடித்தது. எல்லாவற்றிலும் 1918 என்ற ஒரே ஆண்டுதான். அடுத்த வருஷமே கிளை மூடப்பட்டது. எழுத்தே இல்லாவிட்டால் லண்டன் காசு. அதில் 1917 என்ற ஆண்டு இருந்தால் துள்ளிக் குதிக்கலாம். ஆனால் அந்த ஆண்டில் போலிகள் ஏராளம், நிபுணரிடம் காட்டாமல் நம்பாதீர்கள்.

அபூர்வம் என்றால் எவ்வளவு தெரியுமா? முடிசூடாமலே பதவி விலகிய எட்டாம் எட்வர்டின் ஒரே ஒரு பவுன் 2020-இல் 10 லட்சம் பவுண்டுக்கு விலைபோனது!

வருத்தமான செய்தியும் உண்டு. மாலைக்காக வளையம் பற்றவைத்த காசுக்குச் சேகரிப்பாளர் தனி விலை தருவது அரிது. தங்க விலைதான் கிடைக்கும். புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கினாலும் மதிப்பு இறங்கும்.

ஆகவே, பழசைப் போட்டுப் புதுசு வாங்கக் கிளம்புமுன் ஆண்டையும் எழுத்தையும் குறித்துக்கொண்டு, நாணயம் தெரிந்தவர் ஒருவரிடம் காட்டுங்கள். உருக்கிய காசைத் திரும்ப அடிக்க முடியாது. வீட்டு மண்ணைத் தோண்டும்போது கிடைத்த காசு என்றால் வழி வேறு: 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி அதை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.